ஸ்கோன் எழும்பவில்லை, டீயில் படலம்: மாலைத் தேநீர் மேசையின் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி

இங்கிலாந்தில் குடியேறிய நம் வீடுகளுக்குள் ஸ்கோனும் (வெண்ணெய் சேர்த்த, ஈஸ்ட் இல்லாத சின்ன ரொட்டி) டீயும் எப்படியோ நுழைந்துவிடுகின்றன. தென்மேற்கில் டெவன், கார்ன்வால் பக்கம் விடுமுறைக்குப் போய், ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம், பாலாடை மாதிரி கெட்டியான கிளாட்டட் கிரீம், ஒரு பாட் டீ என்று உட்கார்ந்து சாப்பிட்டவர்களை அந்த ருசி விடுவதில்லை. வந்ததும் வீட்டில் செய்து பார்ப்பார்கள். அப்புறம் எனக்குப் படம் வரும்: "அக்கா, இது ஏன் எழும்பவே இல்லை?"

கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கோளாறு வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள்; மேலே இருப்பவற்றுக்குக் காசு செலவில்லை, கீழே போகப் போகச் செலவு கூடும். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். முக்கியமாக, செய்முறையை மாற்றாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். கையும் ஓவனும் பழையதாகவே இருக்கும்போது புதுச் செய்முறை என்ன செய்யும்?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வருவது) 225 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பால் 150 மி.லி. வரை. ஓவன் 220 டிகிரி செல்சியஸ். ஃபேன் ஓவன் என்றால் 200, கேஸ் என்றால் மார்க் 7. நேரம் 12 முதல் 15 நிமிடம். உங்கள் செய்முறை இதற்குப் பக்கத்தில் இருந்தால் குற்றம் செய்முறையில் இல்லை.

## ஸ்கோன் எழும்பவே இல்லை

### எல்லாமே தட்டையாக இருக்கின்றன

மாவுப் பையைப் பாருங்கள். பிளெய்ன் மாவும் செல்ஃப் ரெய்சிங் மாவும் கடையில் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரிப் பையில் இருக்கும். பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். பிளெய்ன் மாவோ மைதாவோதான் கையில் இருக்கிறது என்றால் 225 கிராமுக்கு மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், தலை தட்டி. நம் கடையில் பெரிய பையாக வாங்கி வைத்த ஆட்டா மாவு இதற்கு உதவாது. பிரெட்டுக்கான ஸ்ட்ராங் மாவும் வேண்டாம். அதில் புரதம் அதிகம், இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு கனமாகத் தட்டினீர்கள்? ஸ்கோன் எழும்பும், ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து எழும்பாது. அச்சு வைத்து வெட்டும் முன் மாவு 2.5 செ.மீ. கனம் இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கண்ணால் பார்த்து 2.5 என்று நினைப்பது பெரும்பாலும் ஒன்றரைதான். பூரிக்கட்டை தேவையே இல்லை, உள்ளங்கையால் தட்டினால் போதும்.

பிசைந்துவிட்டீர்களா? நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. சப்பாத்திக்குப் பிசையும் கை ஸ்கோனுக்கு ஆகாது. புட்டுக்கு விரவும் கை வேண்டும். குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துவிடுங்கள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகும். அப்புறம் பாலை ஒரே தடவையில் ஊற்றி, ஒரு மழுங்கிய கத்தியால் கலக்குங்கள். மாவு ஒன்றாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. மேலே வெடிப்பும் திட்டுமாக இருக்கும். அதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும், "இன்னும் ரெண்டு தடவை அழுத்திவிடலாமே" என்று. வேண்டாம். இரண்டு மூன்று தடவை மடித்துத் தட்டுவதோடு சரி.

மாவு காத்துக் கிடந்ததா? பால் பட்ட நொடியிலிருந்து பேக்கிங் பவுடர் வேலை செய்யத் தொடங்கிவிடும். கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால், ஓவனுக்குள் போகும் முன்பே வாயு போய்விடும். ஓவன் சூடான பிறகே பாலை ஊற்றுங்கள். ஊற்றிய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தட்டு உள்ளே போக வேண்டும்.

பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா? அரை டீஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போடுங்கள். உடனே சீறி நுரைத்தால் நல்லது. சோம்பலாக நாலு குமிழி வந்தால் குப்பைக்கு. செல்ஃப் ரெய்சிங் மாவுக்குள்ளும் இதே சரக்குதான் கலந்திருக்கிறது. 1845இல் பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் காப்புரிமை வாங்கிய காலம்தொட்டு அப்படித்தான். கப்பலில் போகிறவர்களுக்குக் கல் மாதிரி ரொட்டிக்குப் பதில் புது ரொட்டி கிடைக்கட்டும் என்பது அவருடைய யோசனை. ஆனால் ஈரம் பட்டால் அதன் வீரியம் போய்விடும். பையைத் திறந்தபடி கெட்டில் பக்கத்தில் வைத்திருந்தால், தேதி இருந்தாலும் நம்பாதீர்கள். மூடி போட்ட டப்பா வாங்குங்கள். பாதி போன மாவைத் தள்ள மனமில்லை என்றால் 225 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் புதுப் பேக்கிங் பவுடர் சேர்த்துப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் எழும்பவில்லை என்றால் ஓவன் சூடு போதவில்லை. கீழே ஓவன் பகுதிக்குப் போங்கள்.

### எழும்பியது, ஆனால் சாய்ந்து நிற்கிறது

ருசிக்கு ஒன்றும் ஆகாது. விருந்தாளிக்கு முன்னால் வைக்கத்தான் கூச்சம்.

வட்ட அச்சை மாவில் அழுத்தியபின் திருகுகிறீர்கள். திருகினால் ஓரம் ஒட்டி மூடிக்கொள்ளும். மூடாத பக்கம் மட்டும் எழும்பும். அச்சை உலர்ந்த மாவில் தொட்டு, நேராகக் கீழே அழுத்தி, நேராக எடுங்கள். டம்ளரால் வெட்டுகிறவர்களுக்குச் சாய்வு இன்னும் அதிகம், ஏனென்றால் டம்ளர் விளிம்பு மழுங்கல், வெட்டாது, நசுக்கும். 5 செ.மீ. உலோக அச்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் மேலே தடவும் முட்டை. அது பக்கவாட்டில் வழிந்தால் அந்தப் பக்கத்தைப் பசை போட்ட மாதிரி பிடித்துவிடும். மேல்பரப்புக்கு மட்டும் தடவுங்கள். வெட்டிய துண்டைத் தலைகீழாகத் திருப்பித் தட்டில் வைப்பதும் உதவும். கீழே இருந்த சமதளம் மேலே வந்துவிடும்.

### முதலில் வெட்டியவை நன்றாக வந்தன, கடைசி இரண்டு மட்டும் மோசம்

மிச்ச மாவைத் திரும்பச் சேர்த்து உருட்டியவை அவை. எப்போதும் கொஞ்சம் மோசமாகத்தான் வரும். அவற்றைச் சமைக்கிறவர் சாப்பிட்டுவிடுவதுதான் வழக்கம். அதுவும் வேண்டாம் என்றால் மாவைச் சதுரமாகத் தட்டிக் கத்தியால் சதுரங்களாக வெட்டுங்கள், மிச்சமே வராது.

## மேலே கருகல், உள்ளே பச்சை மாவு. அல்லது வெளிறிப்போய் இருக்கிறது

தட்டு எந்த அடுக்கில் இருந்தது? மேல் அடுக்கில் வைத்தால் தலை கருகும். நடுவிலோ அதற்குச் சற்று மேலோ வையுங்கள். திராட்சை போட்ட ஸ்கோனில் மேலே துருத்தி நிற்கும் திராட்சைதான் முதலில் கருகும். அதை விரலால் உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஓவன் முழுதாகச் சூடானதா? விளக்கு அணைந்ததுமே உள்ளே தள்ளாதீர்கள். காற்று சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் ஆகியிருக்காது. இன்னும் ஒரு பத்து நிமிடம் விடுங்கள். கதவை இடையில் திறந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

ஃபேனா, ஃபேன் இல்லாததா? செய்முறையில் 220 என்று இருந்து நீங்கள் ஃபேனில் 220 வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. 20 டிகிரி குறைக்க வேண்டும்.

ஓவன் பொய் சொல்கிறதா? வீட்டு ஓவன்களில் திருகில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி வேறுபடுவது சாதாரணம். ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் அதிக விலையில்லை. 200 வைத்து இருபது நிமிடம் கழித்துப் படியுங்கள், அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்று நான்கு தடவை. சூடு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், சராசரியைப் பாருங்கள். எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் அதைக் கூட்டிக் கழித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் கருகுகிறதா? மலிவு வெள்ளை பிரெட்டைக் கம்பி அடுக்கு முழுக்கப் பரப்பி, 180 டிகிரியில் நிறம் வரும்வரை வையுங்கள். எந்தத் துண்டு முதலில் சிவக்கிறதோ அங்கே சூடு அதிகம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைத்தால் போதும்.

கதவு ரப்பர். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லி வாங்கினால் பல ஓவன்களில் நீங்களே மாட்டிவிடலாம்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

தெர்மாமீட்டர் காட்டும் எண் ஒருநாள் ஒன்று, மறுநாள் வேறு என்று தாவினால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சூடு ஏற முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் பின்னால் உள்ள வளைய எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) பழுதாகியிருக்கலாம். ஓவன் போட்டதும் வீட்டு ஃபியூஸ் விழுந்தால் உடனே நிறுத்துங்கள். யூடியூப் பார்த்துப் பின்பக்கத்தைக் கழற்ற வேண்டாம். ஓவன் ரிப்பேர்க்காரரோ எலக்ட்ரீஷியனோ பார்க்கட்டும். பழைய ஓவனுக்குக் கேட்கும் கூலி புது ஓவன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் ரிப்பேர் செய்ய மாட்டேன்.

கேஸ் ஓவன் என்றால் பேச்சே வேறு. தீ நீலமாக, நிமிர்ந்து எரிய வேண்டும். மஞ்சளாகத் தள்ளாடினாலோ, சுவரில் கரி படிந்தாலோ அணைத்துவிட்டு கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. வாடகை வீடு, ஓவன் வீட்டுக்காரருடையது என்றால் அதை ஆண்டுதோறும் சோதிக்க வைப்பது அவர் கடமை. நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் கேஸ் அவசர எண் 0800 111 999க்குப் போன் போடுங்கள். ஸ்கோனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## கடினமாக, வறண்டு இருக்கிறது

மேலே சொன்ன பிசையும் பழக்கம்தான் முதல் காரணம். அடுத்தது, மாவு கையில் ஒட்டுகிறது என்று மேலும் மேலும் உலர்மாவு தூவுவது. ஸ்கோன் மாவு கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும். கையில் மாவு தடவுங்கள், உருண்டைக்குள் சேர்க்காதீர்கள். மூன்றாவது, 15 நிமிடம் தாண்டி விட்டுவைப்பது. அடியில் தட்டினால் வெற்றொலி வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் ஈரத்தைத் தின்னும்.

நேற்றுச் செய்தது என்றால் அது கோளாறே இல்லை. ஸ்கோனின் ஆயுள் ஒரு மாலைதான். மிச்சம் வரும் என்று தெரிந்தால் ஆறியதும் ஃப்ரீசரில் போடுங்கள்; வேண்டும்போது வெளியில் வைத்து இளக்கி 160 டிகிரியில் சில நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் முதல் கடி மெத்தென்று இருக்கும், நாலாவது கடிக்குள் ரப்பர்.

பக்கவாட்டில் மெத்தென்று வேண்டுமா? தட்டில் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருக்கி வையுங்கள். மொறுமொறுப்பு வேண்டும் என்றால் தள்ளி வையுங்கள்.

## சோப்பு மாதிரி, உலோகம் மாதிரி ஒரு கசப்பு

சமையல் சோடா கூடிவிட்டது. செல்ஃப் ரெய்சிங் மாவில் ஏற்கெனவே இருப்பதை மறந்து இன்னொரு பங்கு போட்டிருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடருக்குப் பதில் சோடாவையே அளந்திருப்பீர்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சோடா சரியாகக் கலக்கவில்லை, சலித்துப் போடுங்கள். மோர் ஊற்றிச் செய்யும் செய்முறைகளில் சோடா இருக்கும். அங்கே மோருக்குப் பதில் வெறும் பால் ஊற்றினால் சோடாவுக்குச் சேரப் புளிப்பு கிடைக்காமல் இதே சுவை வரும். பாலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

## கிரீம் உருகி வழிகிறது

ஸ்கோன் சூடாக இருக்கிறது. வெதுவெதுப்பு வரட்டும். இல்லை, சூடாகத்தான் சாப்பிடுவேன் என்றால் கார்ன்வால் முறை: முதலில் ஜாம், மேலே கிரீம். டெவன்காரர்கள் கிரீமை வெண்ணெய் மாதிரி முதலில் தடவி மேலே ஜாம் வைப்பார்கள். அது ஆறிய ஸ்கோனுக்கு ஏற்றது. இரண்டு ஊர்க்காரர்களும் இதை வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்கு ஸ்கோனின் சூடுதான் கணக்கு.

ஆறிய ஸ்கோனிலும் வழிந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நீங்கள் வாங்கியது டபுள் கிரீமாகவோ விப்பிங் கிரீமாகவோ இருக்கும். கிளாட்டட் கிரீம் அதைவிடக் கெட்டி. 1998 முதல் புவிசார் பாதுகாப்புள்ள கார்னிஷ் கிளாட்டட் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டபுள் கிரீமை அடித்துக் கெட்டியாக்கி வையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்தேன், ஆடை பிடிக்கவில்லை: டபுள் கிரீமை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, 80 டிகிரி ஓவனில் பன்னிரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வைத்து, ஆறவிட்டு, அதே போல ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. இடையில் கிளறினால் போச்சு. அதிகச் சூட்டில் பதப்படுத்திய கிரீம் சரியாக ஆடை கட்டாது, சாதாரணமாகப் பாஸ்ச்சரைஸ் செய்ததை வாங்குங்கள். உங்கள் ஓவன் 80 டிகிரியை நிலையாகப் பிடிக்காது என்றால் இந்த வேலைக்கே போகாதீர்கள். மின் கட்டணத்துக்கு நாலு டப்பா வாங்கிவிடலாம்.

## டீயின் மேல் பளபளவென்று ஒரு படலம்

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் இருப்பவர்களின் புகார் இது. எடின்பரோவில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தி தேவைப்படாது. சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் கடினநீரில் உள்ள கால்சியம், தேயிலைச் சத்தோடு சேர்ந்து மேலே படிகிறது. கப்பின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழுவதும் அதனால்தான். குடித்தால் கெடுதல் இல்லை. கண்ணுக்கும் நாக்குக்கும்தான் பிடிக்காது.

முதலில் கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளைச் செதில் இருந்தால் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஒருமுறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். படலம் அப்படியும் இருந்தால் பால் இல்லாத டீயில் ஒரு துளி எலுமிச்சை விடுங்கள். புளிப்பு பட்டால் படலம் சேராது. அடுத்த படி ஃபில்டர் ஜக்கு. அதன் உள்ளே இருக்கும் ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். கடினநீருக்கென்றே கலந்த டீத்தூள் இங்கே விற்கிறார்கள். நிறமும் சாரமும் கூடும்.

குளியலறை, வாஷிங் மெஷின் எல்லாம் சுண்ணாம்பு பூத்திருந்தால் மட்டும் வீட்டு முழுமைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் பற்றிப் பிளம்பரிடம் பேசுங்கள். உப்பு போடும் வகை என்றால் குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாயை மென்மையாக்காமல் தனியாக விடச் சொல்லுங்கள். அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் டீ போடுவீர்கள், ஆக படலம் திரும்பவும் வரும்! டீக்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம்.

## டீ சப்பென்று இருக்கிறது. அல்லது வாயைக் கட்டுகிறது

சப்பென்று இருந்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்ததா, பாட்டைச் சூடு செய்தீர்களா என்று பாருங்கள். குளிர்ந்த பீங்கான் பாட் கொதிநீரின் சூட்டை உடனே குடித்துவிடும். கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டுத் தூள் போடுங்கள். தூள் அளவு: பிரிட்டனில் 1980இல் தேநீர் ருசி பார்ப்பதற்கென்றே ஒரு தரநிலை போட்டார்கள், 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது ருசி பார்ப்பவர்களுக்கு. நமக்கு அந்தத் தூளுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.

கட்டினால் ஊறியது அதிகம். பாட்டிலேயே இலை கிடந்தால் இரண்டாவது கப் கஷாயம்தான். வடிகூடையை எடுத்துவிடுங்கள், அல்லது இன்னொரு சூடான பாட்டுக்கு மாற்றுங்கள். பையில் பி.ஓ.பி.எஃப். என்று தரக்குறி போட்ட சிலோன் தூள் பொடியானது, மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். நீள இலைக்கு இன்னும் நேரம் வேண்டும். 1867இல் இலங்கையின் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து இன்றுவரை அந்தக் கொழுந்தைக் கிள்ளுவது பெரும்பாலும் நம் மலையகத்துப் பெண்களின் விரல்கள். அதை ஊறவைத்து ஊறவைத்துக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறாது.

பாத்திரத்தில் பாலோடு போட்டுக் காய்ச்சும் நம் டீ வேறு. அதை ஸ்கோனோடு குடிக்கக் கூடாதென்று சட்டமில்லை, ஆனால் கிரீமும் ஜாமும் இருக்கும்போது நாக்குக்குத் திகட்டும்.

பால் திரிகிறது: பால் பழசு, இல்லையென்றால் யாரோ எலுமிச்சையும் போட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மேசையில் வையுங்கள்.

## பாட்டின் மூக்கிலிருந்து சொட்டுகிறது

கழுத்துவரை நிரப்பாதீர்கள். பயந்து பயந்து மெல்ல ஊற்றினால்தான் தேநீர் மூக்கின் அடிப்பக்கமாக ஒட்டி இறங்கும். ஒரே வீச்சில் ஊற்றி, சட்டென்று நிமிர்த்துங்கள். மூடியில் இருக்கும் சின்ன ஓட்டை அடைத்திருந்தால் ஊசியால் குத்திவிடுங்கள், காற்று போனால்தான் ஓட்டம் சீராக வரும். அப்படியும் சொட்டினால் மூக்கு நுனியின் அடியில் துளி வெண்ணெய் தடவுங்கள்; ஸ்கோனுக்கு எடுத்ததில் மிச்சம் இருக்கும். நுனி உடைந்திருந்தால் பசை போட்டு ஒட்டிக் கொதிநீர் ஊற்ற வேண்டாம். வேறு பாட் வாங்குங்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுத் தண்ணீர் விட்டு ஊற்றிப் பாருங்கள்.